தேசிங்கு மாஸ்டர் வீட்டில் முளைக்காத மரம்

நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறேன். ஒரு இலை கூட்டிச் சொன்னாலும் என் தேய்ப்புப் பெட்டியில் கரி அணைந்து போகட்டும்.

புதுச்சேரியில் எங்கள் தெருவுக்கு ஐஸ் கம்பெனித் தெரு என்று பெயர். தெருக்கோடியில் இருந்த ஐஸ் கம்பெனி மூடி இருபது வருஷம் ஓடி, தகரக் கூரையில் புறா குடியேறி, புறாவைப் பிடிக்கப் பாம்பு குடியேறி, பாம்புக்குப் பயந்து நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகாமல் கிடந்த காலத்தில், பிரான்சிலிருந்து செலின் வந்து இறங்கினாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தா அந்துவானின் ஒரே மகள் அவள். பாம்பை அனுப்பிவிட்டு, புறாவை வைத்துக்கொண்டு, கூரையை மாற்றி, ஆள்மேல் ஆள் நின்ற உயரத்துக்கு எவர்சில்வர் அண்டாக்களை நிறுத்தி, லைசென்சைக் கண்ணாடி போட்டு மாட்டி, பீர் காய்ச்ச ஆரம்பித்தாள்.

மூட்டை மூட்டையாக அவள் இறக்கிய பச்சை உருண்டைகளைப் பார்த்து மாட்டுத் தீவனம் என்றே நினைத்தோம். இல்லையாம். ஹாப்ஸ் என்று ஒரு கொடியாம், அதன் பூவைக் காயவைத்து இடித்து உருட்டியதாம், பீருக்குக் கசப்பும் மணமும் அதிலிருந்துதானாம். கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். மூன்று நாள் நான் தேய்த்துக் கொடுத்த துணியெல்லாம் காட்டுக்குள் போய்வந்த மாதிரி மணந்தது.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, செலின் தெருவையே கூப்பிட்டாள்.

"சாதாரண பீருக்கு ரெண்டு பங்கு வேகம், நாலு பங்கு ஹாப்ஸ். காய்ச்சிட்டேன். ஆனா பலகையில என்ன எழுதுறது, என்ன பேர் வைக்கிறதுன்னு தெரியல. அங்கல்லாம் ருசி பாத்துச் சொல்ல நாலு பேரை உக்கார வெப்பாங்க. நீங்கதான் என் நாலு பேர்" என்றாள்.

நாலு பேர் என்றால் எங்கள் தெருவில் நாற்பது பேர். பெஞ்சில் இடம் கிடைத்தது ஐந்து பேருக்கு. சலூன் வைத்திருக்கிற மாசிலாமணி ஒருவர். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து குளிக்கும்போதுகூடக் கழற்றாத, கால் இஞ்சு கூடினாலும் பிரித்துத் தைக்கிற டெய்லர் அய்யனாரப்பன் ஒருவர். தபால்காரர் சூசைநாதன் ஒருவர். தேய்ப்பு வண்டி தனபாக்கியம் ஒருத்தி, அது நான். ஐந்தாவதாக உட்கார்ந்தவர் பிரியாணி மாஸ்டர் தேசிங்கு.

தேசிங்கு மாஸ்டரைத் தெரியாதவர்கள் புதுச்சேரியில் கறிச்சோறு தின்னாதவர்கள் என்று வையுங்கள். அவர் தம் உடைக்கிற நேரம் என்று ஒன்று உண்டு. மேலே நெருப்புத் துண்டுகள் அடுக்கிய மூடியைத் தூக்க ஒரு நொடி முந்தினால் அரிசி வேகாமல் பல்லில் முறைக்கும், ஒரு நொடி பிந்தினால் குழையும், அந்த நடு நொடியைப் பிடிக்கிற மனுஷன். அவர் போகிற விருந்துக்கெல்லாம் பெண்சாதி அஞ்சலாட்சியும் போவாள். நல்ல பெண், ஆனால் மறதி. எந்தக் கல்யாணமானாலும் அடுப்பு வெக்கையில் நின்றுகொண்டு, "ஏங்க, சாவி எங்க?" என்று ஒரு தரம் கேட்காமல் இருக்கமாட்டாள். "மடியில பாரு" என்பார் அவர். சாவி மடியில்தான் இருக்கும். 'சாவி அஞ்சலாட்சி' என்று பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குப் படிப்பு மூன்றாங் கிளாஸ்தான், காது மட்டும் கொஞ்சம் கூர்மை. அவள் சாவி கேட்கிற நேரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கண்ணாடி டம்ளர்களில் கால்வாசி ஊற்றினாள் செலின். பனைவெல்லத் தண்ணீரில் வெயிலைக் கரைத்த மாதிரி நிறம், மேலே நுரை.

"முதல்ல மூக்கு. அப்புறம் நாக்கு. அப்புறம் பொறுமை. என்ன மணக்குதோ அதை அப்படியே சொல்லணும். சரி தப்பு கெடையாது. பக்கத்துல இருக்கறவங்களப் பாத்து எழுதறது மட்டும் கூடாது."

"நாங்க எழுதறதே இல்லம்மா" என்றேன்.

"பெரியம்மா, மொதல்ல நீங்க சொல்லுங்க."

ஆட்டினேன், மூக்கைக் கொண்டுபோனேன், பிறகு ஒரு வாய். அம்மாடி! கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு, நாக்கின் ஓரமாகக் கோடு கிழித்துக்கொண்டு தொண்டைக்கு இறங்கி, அங்கே நின்று திரும்பிப் பார்த்தது. அது திரும்பிப் பார்த்தபோது மூக்கு வழியாக ஒரு மணம் ஏறியது, ஒட்டுமாங்காயைக் காம்போடு பறித்தால் பால் பீய்ச்சுமே, அந்தப் பால் மணம். சொன்னேன். செலின் சிலேட்டுப் பலகையில் எழுதினாள். டெய்லர் மூன்று தரம் முகர்ந்து, "பலாப்பழம். இன்னும் அறுக்கல. நாளைக்கு அறுக்கணும்" என்று அளவாகச் சொன்னார். சூசைநாதன் நெளிந்தார்.

"தப்பா நெனச்சிக்காத பாப்பா. சொல்லவா?"

"சொல்லுங்க."

"பூனை மூத்திரம்."

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. செலின் சிரிக்கவில்லை. கைதட்டினாள். "இந்த ஹாப்ஸ்ல அது உண்டு! பத்து வருஷம் படிச்சவங்கதான் அதைத் தைரியமா சொல்லுவாங்க" என்று பெரிய எழுத்தில் எழுதினாள். மாசிலாமணி, "நார்த்தை இலை. கிள்ளின கையோட" என்றார்.

அடுத்தது தேசிங்கு மாஸ்டர். டம்ளரைச் சுழற்றின அழகைப் பார்க்கவேண்டும். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். வாசலில் நின்ற அஞ்சலாட்சி சேலைத் தலைப்பை முறுக்கினாள்.

"அதேதான்" என்றார் மாஸ்டர். "நார்த்தை இலை. கூடக் கொஞ்சம்... கிராம்பு."

செலின் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதினாள். "அக்கா, நீங்க ஒரு வாய்?" என்று அஞ்சலாட்சியிடம் நீட்டினாள். "ஐயோ வேணாம்மா, எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்று அவள் ஓடியே போனாள். அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்தது. நான் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு ஒட்டுமா நின்றது. நேற்று இல்லாத மரம், இன்றைக்கு முப்பது வருஷ மரமாக, காயும் பிஞ்சுமாக. வெயிலில் நின்று தேய்க்கிறவளுக்கு நிழல் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நான் வண்டியை ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டு பெட்டியில் கரி அள்ளினேன். தெருவில் எட்டிப் பார்த்தால் டெய்லர் கடையில் தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே பலாமரம், மிதிக்கிற காலுக்குப் பக்கத்தில் பழம் தொங்க. சலூனில் கண்ணாடிக்கும் நாற்காலிக்கும் நடுவே நார்த்தை. சூசைநாதன் வீட்டு வாசல்படியில், எந்த நிறம் என்று யாராலும் சொல்லமுடியாத ஒரு பூனை, தபால் பைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கிளம்பலாமா" என்பதுபோல் பார்த்தது.

பழகிக்கொள்ள எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. மாசிலாமணி கூரையில் நாலு ஓடுகளைக் கழற்றி மரத்துக்கு வழிவிட்டார். ஷேவிங் முடிந்ததும் மருந்துத் தண்ணீர் தெளிப்பதை விட்டுவிட்டு இரண்டு இலை கிள்ளி முகத்தில் தேய்த்துவிட்டார். முள் குத்தியவர்களுக்கு மீசை ஒதுக்குவது இலவசம் என்று அட்டை எழுதினார். டெய்லர் தினமும் காலையில் நாடாவால் பலாமரத்தின் இடுப்பை அளந்து சுவரில் எழுதினார். பழத்துக்கு வந்த ஈ துணியில் உட்காருகிறது என்று சண்டைக்கு வந்த பெண்களுக்கு ஆளுக்கு நாலு சுளை கொடுத்தார். சண்டை முடிந்துவிடும் என்று பார்த்தால், சுளைக்காகவே சண்டைக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். பூனை தபால்காரருக்கு முன்னால் நடந்துபோய்ச் சரியான வாசலில் உட்கார்ந்தது. ஆள் இல்லாத வீடென்றால் உட்காராமல் தாண்டியது. இதற்காக அவர் பூனைக்கு மத்தி மீன் வாங்கிப் போட்டார், மீன் விலை ஏறினபோது மட்டும் பெருமூச்சு விட்டார்.

நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி படிவத்தோடு வந்தார். "மரம் யார் நட்டது?" என்று ஒரு கட்டம். டெய்லர் யோசித்து, "நாக்கு" என்றார். அதிகாரி அதையே எழுதிக்கொண்டு, அந்த பீரைத் தானும் சோதிக்கவேண்டியிருக்கிறது என்று சட்டம் பேசி, ஒரு டம்ளர் வாங்கிக் குடித்து, வேலை நேரமாயிற்றே என்று மரியாதையாக, "ரோஜாப்பூ" என்றார். ஒரு வாரம் கழித்து வாடிய முகத்தோடு வந்தார்.

"என் வீட்ல ஒண்ணும் முளைக்கலியே?"

"உண்மையா ரோஜாதான் மணந்துச்சா சார்?" என்று கேட்டாள் செலின்.

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "வெங்காயம்" என்றார். அன்றைக்கு மதியமே அவர் ஆபீஸ் மேஜை டிராயரில் சின்ன வெங்காயம் கொத்துக் கொத்தாக முளைத்துவிட்டது. அந்த ஆபீசில் அதற்குப் பிறகு யாரும் சாம்பாருக்கு வெங்காயம் வாங்கியதில்லை.

அப்போதுதான் தெருவுக்குக் கணக்குப் புரிந்தது. மெய் சொன்னால் முளைக்கும். பொய் சொன்னால் முளைக்காது.

எல்லாரும் மெதுவாகத் திரும்பித் தேசிங்கு மாஸ்டர் வீட்டைப் பார்த்தோம்.

அதுவரைக்கும் கிண்டல்தான். "கிராம்பு மலையில இருந்து வரணும்ல, பஸ் லேட்டு" என்பார் மாசிலாமணி. "ரெண்டு மரம் கேட்டாரு, ஒண்ணுக்கு ஒண்ணு 'நீ முன்னாடி போ, நீ முன்னாடி போ'ன்னு நிக்குது" என்பார் சூசைநாதன். இப்போது கிண்டல் நின்றுபோய்விட்டது. கிண்டல் நின்றால்தான் மனுஷனுக்குப் பயம் வரும். காரணம், ஆவணியில் டெய்லர் மகள் கல்யாணம். மறுநாள் கறி விருந்து ஐந்நூறு பேருக்கு, வெற்றிலை பாக்கு வைத்துத் தேசிங்கு மாஸ்டரிடம்தான் சொல்லியிருந்தது. அண்டா முன்னால் நிற்கிறவன் மூக்கில் கோளாறு என்று ஒரு பேச்சு கிளம்பினால் அந்த விருந்து மட்டுமா போகும்? அதோடு முப்பது வருஷப் பேர் போகும்.

ஒரு மத்தியானம், தெரு முழுக்கத் தூங்குகிற நேரம். தேய்க்கிறவளுக்கு மட்டும் தூக்கமில்லை. தேசிங்கு மாஸ்டர் சைக்கிள் கேரியரில் கோணிப்பை சுற்றி எதையோ கட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். கோணிக்குள்ளிருந்து நார்த்தை இலை எட்டிப் பார்த்தது.

"என்ன மாஸ்டர், காய்கறியா?"

"ஆமாங்க்கா. கீரை."

நான் பெட்டியைச் சட்டைமேல் ஓட்டினேன். மனுஷன் அவ்வளவு வியர்த்திருந்தார்.

மறுநாள் காலை அவரே வாசலில் நின்று எல்லாரையும் கூப்பிட்டார். கொல்லையில் கிணற்றடிப் பக்கம் இடுப்பளவு நார்த்தங்கன்று. "மெதுவா வந்துச்சு. சின்னதா வந்துச்சு. ஆனா வந்துருச்சு" என்று சிரித்தார். அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. நாங்கள் எல்லாரும் நல்ல கன்று, நல்ல கன்று என்றோம். சூசைநாதனின் பூனையும் கூட்டத்தோடு வந்திருந்தது. அது கன்றைச் சுற்றி வந்தது, முகர்ந்தது, புது மண்ணைக் கண்டால் பூனை என்ன செய்யுமோ அதைச் செய்ய முன்காலால் குழி தோண்டியது. தோண்டத் தோண்டக் கறுப்புப் பிளாஸ்டிக் பை ஒன்று வந்தது. நர்சரிப் பை. அவசரத்தில் பையைக் கிழிக்காமலே நட்டிருக்கிறார்.

பூனை தன் காரியத்தை முடித்து, மண்ணை மூடிவிட்டு, பையை மட்டும் மூடாமல் விட்டுப் போயிற்று.

டெய்லர் அய்யனாரப்பன் குனிந்து பையைத் தொட்டுப் பார்த்து நிமிர்ந்தார். "மாஸ்டர், பொய் சொல்ல வேணாம். என் பொண்ணு கல்யாணம். உங்க மூக்கு எங்க?"

தேசிங்கு மாஸ்டர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்திலேயே பாதி பதில் இருந்தது.

"கொரோனா வந்துச்சே, அப்ப போனது. எல்லாருக்கும் திரும்பி வந்துச்சு. எனக்கு வரல. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் தெரியும். மணம் ஒண்ணும் கெடையாது. எரியற வீட்டுல உக்கார வெச்சாலும் சூடுதான் தெரியும், புகை தெரியாது."

"அப்ப மூணு வருஷமா நாங்க தின்னது?"

"என் மூக்கு" என்றாள் அஞ்சலாட்சி.

அவள் முன்னால் வந்து நின்றாள். எப்போதும் அடுப்பு ஓரமாகப் பார்த்தே பழகினவளை நடுவில் பார்க்க எங்களுக்கு வேறு ஆள்போல் இருந்தது.

"பச்ச வாசன போச்சா, மசாலா மடிஞ்சுதா, தம் ஏறிடுச்சா, எல்லாம் நான்தான் பாத்தேன். ஆம்பள மாஸ்டருக்குப் பொம்பள பதம் சொல்றான்னு தெரிஞ்சா யாரு கூப்பிடுவீங்க? அதான் நேரம் வந்தா சாவி எங்கன்னு கேப்பேன். சாவி எங்கிட்டதான் இருக்கும். அவரு போய் மூடியத் தூக்குவாரு."

மூன்று வருஷத்துக் கல்யாணமும் காதுகுத்தும் எங்கள் கண் முன்னால் ஓடின. எல்லாவற்றிலும் இந்தப் பெண் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள், எல்லாவற்றிலும் அரிசி மல்லிகை மொட்டாக விரிந்திருந்தது. மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டார். "அட, சிரிச்சிட்டுத் திரிஞ்சோமே!"

டெய்லர் சிரிக்கவும் இல்லை, அடித்துக்கொள்ளவும் இல்லை. "ஐந்நூறு இலை. மூக்கு ஒரு எடம், கை ஒரு எடம். எனக்குத் துணிச்சல் வரல மாஸ்டர். வேற ஆளப் பாத்துக்கறேன். மனசுல வெச்சுக்காதீங்க" என்று நாடாவைக் கழுத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

அவர் போனதும் கூட்டம் கலைந்தது. மாஸ்டர் மட்டும் கிணற்றடியில் அப்படியே இருந்தார். அன்று மதியம் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் டீ இறங்கவில்லை. செய்தி கேட்டுச் செலின் வந்தாள், கையில் ஒரு டம்ளர் பீரோடு. நான் தேய்த்த துணியைக் கொடுக்க வந்தவள்போல் அங்கேயே நின்றேன். கொடுக்கத் துணி ஒன்றும் கிடையாது.

"மாஸ்டர், அன்னைக்கு நீங்க பாத்து எழுதிட்டீங்க. இப்ப உங்க பதிலச் சொல்லுங்க."

"என்கிட்ட என்னம்மா இருக்கு பதில்?"

"இருக்கறதச் சொல்லுங்க. மூக்கு வேணாம். நாக்குலேந்து ஆரம்பிங்க."

வேண்டாவெறுப்பாக வாங்கினார். ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் வைத்தார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கசப்பு" என்றார். "மொதல்ல நாக்கு ஓரத்துல. சுண்டக்கா மாதிரி வெடுக்குனு ஓடிடல. பாகற்கா மாதிரி மூஞ்சில அடிக்கல. வேப்பம்பூ ரசம் மாதிரி நிதானமா வருது. நடுவுல ஒரு இனிப்பு எட்டிப் பாக்குது, அது முளைகட்டின தானியத்து இனிப்பு. அதைத் தள்ளிட்டுத் திரும்பக் கசப்பு. இப்ப அடிநாக்குல உக்காந்துருச்சு." கண்ணைத் திறந்தார். "அம்மாடி, கொதிக்கிறப்ப கடைசியா அந்தப் பச்ச உருண்டைய ஒரு கை போடுவியே, அதை நீ கொஞ்சம் முன்னாடியே போட்டுட்ட. அஞ்சு நிமிஷம் இருக்கும். அதான் அடியில ஒரு முரடு."

செலின் வாயைப் பிளந்தாள். "அன்னைக்குப் போன் வந்துச்சு... அவசரத்துல முன்னாடியே கொட்டிட்டேன். ஆறு நிமிஷம். இதை யாருமே கண்டுபிடிக்கல மாஸ்டர். எல்லாரும் மணத்துல மயங்கிட்டாங்க."

"மயங்கறதுக்கு எனக்கு மணம் ஏது?" என்றார். ஆனால் முதுகு நிமிர்ந்துவிட்டது. மூன்றாவது வாய் வைத்து, மெதுவாக, தனக்கே சொல்வதுபோல் சொன்னார்: "இன்னொண்ணு இருக்கு. சொன்னா சிரிப்பீங்க. கசப்பு எறங்கி முடியற எடத்துல மத்தவங்களுக்கு மாங்கா, பலான்னு என்னமோ வருதாமே. எனக்கு அந்த எடத்துல ஒரு கொரல் வருது. 'ஏங்க, சாவி எங்க?'ன்னு."

நாங்கள் சிரிக்கவில்லை. அஞ்சலாட்சி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி, மீதியை ஒரே மூச்சில் குடித்து, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

"நார்த்தை இலை, மாங்கா பால், பலாப்பழம், வெங்காயம், அந்தப் பாழாப்போன பூனை. எல்லாம் இருக்கு. யாரும் பொய் சொல்லல" என்றாள். பிறகு, "இவ்ளோ கசக்குதா உங்களுக்கு?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். அது பீரைப் பற்றிக் கேட்டது மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் விடிந்தது. நர்சரிக் கன்று வாடிச் சாய்ந்து கிடக்க, அதன் பக்கத்தில், கொல்லைச் சுவரைத் தாண்டித் தெருவுக்குக் கிளை நீட்டி, ஒரு வேம்பு நின்றது. இலையெல்லாம் வேப்ப இலைதான். காய்த்திருந்தது மட்டும் சாவி. பித்தளைச் சாவி, இரும்புச் சாவி, பெட்டிச் சாவி, சைக்கிள் சாவி, கொத்துக் கொத்தாக. காற்றடித்தால் தெரு முழுக்கக் கலகலவென்று சத்தம், யாரோ நூறு பேர் மடியைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. முதலில் கண்டுபிடித்தவர் சூசைநாதன். தாழ்ந்த கிளையில் தொங்கின ஒன்றைப் பறித்துப் போட்டுப் பார்த்தால், எந்தக் காலத்திலோ பூட்டி நிறுத்தின அவருடைய பழைய சைக்கிள் திறந்துகொண்டது. ஊரில் தொலைந்துபோன சாவியெல்லாம் அதில் காய்த்திருந்தது. உப்பளத்திலிருந்து வந்தார்கள், நெல்லித்தோப்பிலிருந்து வந்தார்கள். வரிசையில் நின்றார்கள். அவரவர் கிளைக்கடியில் நின்றால் அவரவர் சாவி ஆடும், அதைத்தான் பறிக்கவேண்டும் என்று எங்களுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. எனக்கும் ஒன்று ஆடியது. பதினேழு வருஷம் திறக்காத தகரப் பெட்டி. உள்ளே என்னவெல்லாமோ இருக்கும் என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஒரு போர்வை இருந்தது. நல்ல போர்வைதான்.

டெய்லர் நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வரிசையில் நிற்காமல் ஓரமாக நின்றார். அவருக்கு மேலே ஒரு பீரோ சாவி ஆடிக்கொண்டே இருந்தது. அவர் பெண்சாதி செத்து ஆறு வருஷம். அவள் சாவியை எங்கே வைத்தாள் என்று சொல்லாமலே போனாள், பூட்டை உடைக்க அவருக்கு மனசு வரவில்லை, அவளுடைய கல்யாணப் புடவை உள்ளேயே கிடந்தது. மகள் அதைத்தான் கட்டவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இது தெருவுக்கே தெரியும். பறித்துக்கொண்டு, சாவியை நாடாவின் நுனியில் முடிந்துகொண்டு, அவர் மாஸ்டர் வீட்டுக்குள் போனார்.

"ஐந்நூறு இலை" என்றார்.

"ஆகட்டும்" என்றார் மாஸ்டர்.

"சாவி யாரு கேப்பாங்க?"

"நான்தாண்ணே" என்றாள் அஞ்சலாட்சி. "இனிமே சாவின்னு கேக்கமாட்டேன். பதம்னே சொல்லுவேன். சத்தமா."

"அதான் நல்லது" என்றார் டெய்லர்.

ஆவணியில் கல்யாணம் ஆயிற்று. பெண் அம்மாவின் புடவையில் நின்றாள். மறுநாள் கறி விருந்து ஐஸ் கம்பெனி வளாகத்தில். செலின் இடம் கொடுத்தாள். பலகையில் பீரின் பேர் எழுதவேண்டிய இடத்தில் அவள் ஒன்றும் எழுதாமல், வேம்பிலிருந்து விழுந்த ஒரு சாவியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பகல் பன்னிரண்டு மணி, மூன்று அண்டாவும் தம்மில் இருந்தன. மாஸ்டர் துடுப்பை ஊன்றி நின்றார். அஞ்சலாட்சி அவருக்குப் பக்கத்தில், ஓரத்தில் இல்லை, பக்கத்தில், மூக்கை நீட்டி நின்றாள். ஐந்நூறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்த மூக்கையே பார்த்தோம்.

அப்போது அவளுக்கு என்ன ஞாபகம் வந்ததோ, மடியைத் தட்டினாள், இடுப்பைத் தடவினாள், திடுக்கிட்டு, "ஏங்க, சாவி எங்க?" என்றாள்.

"மரத்துல!" என்று ஐந்நூறு பேரும் கத்தினோம்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே, மூன்று வருஷப் பழக்கத்தில், துடுப்பால் மூடியைத் தூக்கிவிட்டார்.

"ஐயையோ, நெசமாவே வீட்டுச் சாவியக் கேட்டேங்க!" என்றாள் அவள், வாயில் கை வைத்து.

ஆவி எழுந்து மூன்று பேரையும் மூடிற்று. மூன்றாவது ஆள், முதல் பிடிக்குத் தட்டோடு வந்து நின்ற டெய்லர் அய்யனாரப்பன். கரண்டி ஒன்று போட்டார் மாஸ்டர். டெய்லர் ஒரு வாய் வைத்தார். மென்றார். எனக்குத்தான் காது கூர்மையாயிற்றே, அரிசி அவர் பல்லில் முறைத்த சத்தம் எனக்குக் கேட்டது. கால் இஞ்சு கூடினால் பிரித்துத் தைக்கிற மனுஷன். தேசிங்கைப் பார்த்தார். அஞ்சலாட்சியைப் பார்த்தார். நாடா நுனியில் கிடந்த பீரோ சாவியை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

"பதம்" என்றார், சத்தமாக, ஐந்நூறு பேருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு மாஸ்டர் காதோடு சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது: "கால் இஞ்சு உள்ள விட்டுத் தைக்காட்டி சட்டை உடம்புல உக்காருமா மாஸ்டர்? போடுங்க, இன்னொரு கரண்டி."